பொறி கற்கின்றது, மருத்துவர் மறக்கின்றனர்!

செயற்கை நுண்ணறிவு வந்துவிட்டது. இனி மருத்துவர் வேண்டா, செவிலியர் வேண்டா, மருத்துவக் கல்லூரியும் வேண்டா என்று ஒரு சாரார் பறையறைகின்றனர். மருத்துவரின் இடத்தை எந்தப் பொறியும் கொள்ள முடியாது என்று மற்றொரு சாரார் தமக்குத் தாமே ஆறுதல் கூறிக்கொள்கின்றனர். இவ்விரு சாராரும் கேளாத வினா ஒன்றுண்டு. பொறி எத்தகைய மருத்துவரின் இடத்தைக் கொள்ளும்? எத்தகையாரின் இடத்தைக் கொள்ள இயலாது? இதற்கு விடை காணப் புகுவார் இறுதியில் வந்து நிற்குமிடம் மருத்துவக் கல்வியும் அக்கல்வி நடைபெறும் மொழியுமே ஆகும்.

நூலில் உள்ளதை உருப்போட்டு, நான்கு விடைகளுள் ஒன்றைக் குறியிட்டுத் தேறி, நோயாளியின் முகத்தைப் பாராமல் ஆய்வுத்தாளை மட்டும் பார்த்து, அவன் மொழியில் அவனொடு இரண்டு சொல் பேசாமல் மருந்தெழுதித் தருபவர் ஒருவர் இருப்பாராயின், அவர் செய்யும் வேலையைப் பொறி செய்துவிடும். அவரினும் விரைவாகவும், ஊதியம் கேளாமலும் செய்துவிடும். தமிழ்நாட்டின் மருத்துவக் கல்வி அத்தகையாரையே ஈன்றெடுக்குமாறு வளைக்கப்பட்டு வருகின்றது என்பதே கவலைக்குரிய செய்தியாகும்.

பொறிக்குக் கற்பித்தவர் யார்?

2016-ஆம் ஆண்டில், கனடா நாட்டுத் தொராண்டோப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த செப்ரி இன்டன் என்னும் அறிஞர், ஊடுகதிர்ப் படங்களைப் பார்த்து நோய் கூறும் மருத்துவரைப் பயிற்றுவிப்பதை இப்பொழுதே நிறுத்திவிடலாம் என்றும், ஐந்தாண்டுகளில் பொறி அவர்களை விஞ்சிவிடும் என்றும் கூறினார். அவர் சிறியவர் அல்லர். 2024-இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்றவர். அவர் குறித்த ஐந்தாண்டும் கழிந்தது. அதன் மேலும் ஆண்டுகள் கழிந்தன. கதிர்ப்பட மருத்துவர் ஒழிந்துவிடவில்லை. அவர்களுக்குப் பற்றாக்குறை என்னும் குரலே பல நாடுகளில் கேட்கின்றது. பொறி படத்தைப் படிக்கின்றது என்பது மெய். ஆனால், படத்தைப் படிப்பது மட்டுமே அம்மருத்துவரின் பணி என்று எண்ணியதில்தான் பிழை நேர்ந்தது.

அதே 2016-ஆம் ஆண்டில் கூகிள் நிறுவனத்தார் ஓர் ஆய்வை வெளியிட்டனர். நீரிழிவால் விழித்திரை கெடுவதைப் படத்திலிருந்தே கண்டறியும் பொறி அது. அதற்குக் கற்பிக்க 1,28,175 விழித்திரைப் படங்கள் பயன்பட்டன. அவை ஒவ்வொன்றையும் பார்த்து, இது நோயுடையது, இது நோயற்றது என்று தரம்பிரித்துக் கூறியவர் 54 கண் மருத்துவர். ஒரே படத்தை மூவர் முதல் எழுவர் வரை பார்த்தனர். அவ்வாய்வில் பயன்பட்ட படங்களுள் மதுரை அரவிந்தர் கண் மருத்துவமனையினின்றும் சென்னைச் சங்கர நேத்திராலயத்தினின்றும் சென்றவையும் அடங்கும்.

இதன் பொருளை ஆழ்ந்து நோக்குதல் வேண்டும். பொறி வானத்திலிருந்து அறிவைக் கொணர்ந்ததில்லை. உழைத்துக் களைத்து, கண்ணொளி மங்கி, மதுரைக்கு வந்து வரிசையில் நின்ற ஏழை எளியவரின் விழிகளும், விழிப்படங்களை நோக்கிய மருத்துவரின் பழுத்த பட்டறிவும் பொறியின் அறிவில் கலந்தன. கொடுத்தவருள் தமிழரும் அடங்குவர், கற்றது பொறி, பொறிக்கு உரிமையாளர் கடல் கடந்த நிறுவனத்தார். பருத்தியை இங்கிருந்து ஏற்றிச் சென்று, துணியாக்கி இங்கேயே கொணர்ந்து விற்ற பழைய வணிகத்திற்கும் இதற்கும் என்ன வேறுபாடு?

அப்பொறியைத் தாய்லாந்து நாட்டு மருத்துவ நிலையங்களில் வைத்துப் பார்த்த பொழுது நேர்ந்தது மேலும் எண்ணத்தக்கது. முதல் ஆறு திங்களில் அதனிடம் தரப்பட்ட 1,838 படங்களுள் 21 விழுக்காட்டைப் பொறி ஏற்க மறுத்துவிட்டது. அறையில் ஒளி சரியில்லை, படம் தெளிவில்லை. எனவே, வேறிடம் சென்று கண் மருத்துவரைக் காண்க என்பதே நோயாளிக்குக் கிட்டிய விடை. ஒருநாட் கூலியை இழந்து வந்தவரிடம் அதனை எடுத்துக் கூற வேண்டியவர் யார்? செவிலியர்! ஆய்வுக்கூடத்தில் சிறந்து தேறிய பொறி, சிற்றூர் மருத்துவ நிலையத்தின் மங்கிய அறையில் தடுமாறியது. அத்தடுமாற்றத்தின் சுமை முழுதும் ஒரு மாந்தத் தோளில்தான் இறங்கியது.

தேர்வு எதைத் தேர்கின்றது?

2023-இன் தொடக்கத்தில் ஒரு செய்தி உலகை வியக்க வைத்தது. அமெரிக்க நாட்டில் மருத்துவ உரிமம் பெறுதற்குரிய தேர்வின் மூன்று படிகளிலும், சாட்சிபிடி என்னும் உரையாடற் பொறி தேர்ச்சி எல்லையை ஏறத்தாழ எட்டிவிட்டது என்பதே அச்செய்தி. பொறியின் பெருமையை எல்லாரும் பேசினர். தேர்வின் சிறுமையைப் பேசியவர் சிலரே. நோயாளியைத் தொட்டறியாத, ஒருவர் இறந்த வீட்டின் வாயிலில் நின்றறியாத ஒன்று தேறிவிடக் கூடிய தேர்வு, மருத்துவராதற்குரிய தகுதியுள் எத்துணைப் பகுதியை அளக்கின்றது?

இவ்வினா தமிழ்நாட்டின் மேல் பன்மடங்கு அழுத்தமாக விழுகின்றது. பன்னிரண்டாம் வகுப்பில் பெற்ற மதிப்பெண்ணால் மருத்துவக் கல்லூரியிற் சேர்ந்த தமிழ்நாட்டு மாணவர்மேல் 2017 முதல் நீட் என்னும் ஒற்றைத் தேர்வு சுமத்தப்பட்டது. 180 வினா, 720 மதிப்பெண், ஒவ்வொரு வினாவிற்கும் நான்கு விடை, ஒன்றைக் கருமையாக்குக! இதனை விரைந்து செய்தற்கு ஈராண்டும் மூவாண்டும் பெரும்பொருள் கொட்டிப் பயிற்சி பெறுவோர் வெல்கின்றனர். 2021-இல் அமைக்கப்பெற்ற நடுவர் ஏ.கே. இராசன் குழு, இத்தேர்வு வந்தபின் தமிழ்வழி பயின்றோரும், அரசுப் பள்ளியில் பயின்றோரும், சிற்றூர்ப் பிள்ளைகளும் மருத்துவக் கல்லூரிகளிற் பெரிதும் குறைந்து போயினர் என்று எடுத்துக்காட்டிற்று. அவ்வாண்டிலேயே தமிழகச் சட்டமன்றம் விலக்குச் சட்டவரைவு நிறைவேற்றியது. குடியரசுத் தலைவர் அதற்கு ஒப்புதல் மறுத்துவிட்டார் என்பது 2025 ஏப்பிரலில் சட்டமன்றத்தில் அறிவிக்கப்பெற்றது. 1976-இன் 42-ஆம் அரசியலமைப்புத் திருத்தத்தால் கல்வியை மாநிலப் பட்டியலினின்று பொதுப்பட்டியலுக்குக் கொண்டு சென்றதன் விளைவு இன்று மருத்துவமனைக் கட்டில் வரை வந்து நிற்கின்றது.

பொறி எதில் வல்லதோ அதே திறனை அளந்து பிள்ளைகளைச் சேர்ப்பது. பொறி எதில் வலுவற்றதோ அத்திறனுடைய பிள்ளைகளை வாயிலிலேயே தடுப்பது. பின்னர், பொறி வந்துவிட்டது, மருத்துவர் எதற்கு என்று கேட்பது! இதனினும் பெரிய அறியாமை உண்டா? இல்லை, இஃது அறியாமைதானா?

நோவின் மொழி

மருத்துவத்தின் முதற்படி நோயாளி கூறுவதைக் கேட்டல். தமிழன் தன் நோவைக் கூறும் வகையை எண்ணிப் பார்த்தல் வேண்டும். குத்தல், குடைச்சல், கடுப்பு, உளைச்சல், எரிச்சல், இழுப்பு, பிடிப்பு, நமைச்சல், மதமதப்பு, விண்விண்ணென்று தெறித்தல், சுருக்கென்று தைத்தல்! ஒவ்வொன்றும் ஒரு தனி உணர்வு. ஒவ்வொன்றும் ஒரு தனித் தடம். நெஞ்சு கரிக்கின்றது என்பவனுக்கும், நெஞ்சை அழுத்துகின்றது என்பவனுக்கும் இடையே இரைப்பைக்கும் நெஞ்சாங்குலைக்கும் உள்ள தொலைவு இருத்தல் கூடும். முன்னவனுக்கு ஒரு மாத்திரை போதும்; பின்னவனுக்கு ஒவ்வொரு நொடியும் உயிர்.

கிறுகிறுக்கின்றது என்று ஒரு மூதாட்டி கூறுகின்றாள். வீடு சுற்றுகின்றதா, எழுந்து நிற்கையில் கண் இருட்டிக்கொண்டு வருகின்றதா, நடக்கையில் கால் தள்ளாடுகின்றதா என்று அவள் மொழியில் அவளைக் கேட்பவர் மருத்துவர். முதலது உட்செவியின் கோளாறாகலாம்; இரண்டாவது குருதியழுத்தம் தாழ்வதாகலாம்; மூன்றாவது மூளையின் கோளாறாகலாம். ஆங்கிலத்தில் ஒரே சொல்லாக எழுதி மூடிவிடப் பெறும் ஏட்டில் இம்மூன்றும் ஒன்றாகிவிடுகின்றன. மூதாட்டி கூறியது ஒன்று. ஏட்டில் ஏறியது ஒன்று. பொறி கற்பதோ ஏட்டில் ஏறியதை மட்டுமே!

"இனி என்ன கவலை? பொறியே மொழிபெயர்த்துவிடும், மருத்துவர் தமிழறியாவிடினும் ஆகும், தமிழில் மருத்துவம் கற்பதற்குத் தேவையே ஒழிந்தது" என்று புதியதொரு கூக்குரல் எழுந்துள்ளது. பழைய ஆங்கிலப் பித்தர்க்குக் கிடைத்துள்ள புதிய ஊன்றுகோல் இது. பொறி எழுதப்பட்டவற்றினின்று கற்பது. தமிழ் மருத்துவமனைகளில் ஏடு ஆங்கிலம், மருந்துச்சீட்டு ஆங்கிலம், மருத்துவரின் ஆய்வுரை ஆங்கிலம் என்றிருக்கையில், பொறி கற்கத்தக்க தமிழ் மருத்துவ எழுத்து எங்கே உள்ளது? தமிழ் மருத்துவர் தமிழில் எழுதாத ஒன்றைப் பொறி எங்கிருந்து பேசும்? ஆங்கிலத்தில் எண்ணி, தமிழ்ச் சொற்களை மேலே போர்த்திக்கொண்டு பேசும். கடுப்பையும் குடைச்சலையும் ஒன்றெனக் கொள்ளும். அதனைச் சரிபார்த்துத் திருத்த வல்ல மருத்துவர் வேண்டுமெனில், அவர் தமிழும் மருத்துவமும் ஒருங்கே கற்றவராதல் வேண்டும். எனவே, பொறி வந்தபின் தமிழ்வழி மருத்துவக் கல்வியின் தேவை குறைந்ததில்லை, மிகுந்துள்ளது.

யாரை அளந்து செய்யப்பட்டதோ அவர்க்கே கருவி நன்கு பொருந்தும் என்பதற்கு ஒரு சான்று போதும். விரல் நுனியில் மாட்டிக் குருதியின் உயிர்வளி அளவைக் காட்டும் சிறு கருவியைக் கொரோனாக் காலத்தில் கண்டிராத வீடு அரிது. அக்கருவி, குறைந்துவிட்ட உயிர்வளியைக் குறையாதது போலக் காட்டும் பிழை, வெள்ளையரினும் கறுப்பினத்தாரிடம் ஏறத்தாழ மும்மடங்கு மிகுதி என்பதை 2020-இல் அமெரிக்க ஆய்வொன்று வெளிப்படுத்தியது. தோலின் நிறத்தையே பொருட்படுத்தாது செய்யப்பட்ட கருவி உண்டெனில், நாவின் மொழியைப் பொருட்படுத்தாது செய்யப்படும் கருவி என்ன செய்யாது?

ஐம்பொறி மழுங்குதல்

பொறி என்னும் தமிழ்ச்சொல்லுக்கு இரு பொருள் உண்டு. மாந்தன் செய்த கருவியும் பொறி. மெய், வாய், கண், மூக்கு, செவி என்னும் ஐந்தும் பொறி. வெளிப்பொறி பெருகப் பெருக ஐம்பொறி மழுங்குமா என்பதே இனிவரும் மருத்துவக் கல்வியின் தலைமையான வினா.

இதற்கும் சான்று வந்துவிட்டது. போலந்து நாட்டின் நான்கு மருத்துவ நிலையங்களில், பெருங்குடலினுள் கருவி செலுத்திக் கட்டிகளைக் கண்டறியும் மருத்துவர்க்குச் செயற்கை நுண்ணறிவு துணையாகத் தரப்பட்டது. அவர்கள் புதியவர் அல்லர். இப்பணியில் நெடிது பழகியவர்கள். துணை வருவதற்கு முன்னர், பொறியின்றி அவர்கள் நோக்கியபொழுது நூற்றுக்கு 28.4 பேரிடம் கட்டி கண்டனர். துணைக்குப் பழகியபின், பொறியின்றி நோக்கியபொழுது 22.4 பேரிடமே கண்டனர். 2025-இல் வெளிவந்த ஆய்வு இது. சில திங்களில் கண் சோம்பிவிட்டது! பழகிய கண்ணே இங்ஙனம் சோம்பிவிடுமாயின், கல்லூரியிற் சேர்ந்த நாள் முதல் பொறியை நோக்கியே வளரும் மாணவனின் கண் எப்பொழுது விழிக்கும்?

ஆகவே, பொறியை மருத்துவமனையினின்று துரத்துக என்பது இவ்விடத்துக் கூறப்படும் முடிவு அன்று. புற்றையும் காசத்தையும் பொறி விரைந்து காட்டுமாயின் அதனைப் பயன்கொள்ளாமை பேதைமை. மாணவன் முதலில் தன் கண்ணால் நோக்கி, தன் கையால் தொட்டு, தன் செவியால் கேட்டு, தன் முடிவை எழுதிவைத்து, அதன் பின்னரே பொறியின் முடிவை ஒப்பிடல் வேண்டும். இம்முறை கல்வியில் கட்டாயமாக்கப்படின், பொறி மாணவனுக்கு உரைகல்லாகும். இல்லையேல் அவனுக்கு ஊன்றுகோலாகி, அவன் காலை முடமாக்கும்.

வள்ளுவப் பெருந்தகை மருந்தைப் பற்றிய பத்துக் குறள்களின் இறுதியில் மருத்துவத்தை நான்கு கூறாக வகுத்தார். நோயுற்றவன், நோய் தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து பணி செய்பவன் என்பன அந்நான்கு. இவற்றுள் மூன்று மாந்தர், ஒன்றே பொருள். இன்றைய பொறி எத்துணை அறிவுடையதாயினும் அந்த மூன்றாம் கூற்றைச் சார்ந்ததே, கருவியே. அதனைத் தீர்ப்பவன் இருக்கையில் ஏற்றுவார் வள்ளுவத்தை அறியாதார். பிழை நேர்ந்தவிடத்து விடையிறுக்கும் கடப்பாடு மாந்தர்க்கே உண்டு. பொறியைக் கூண்டில் நிறுத்துவார் இலர்.

நான்காம் கூற்றாகிய செவிலியரை மறத்தலும் ஆகாது. 2021-இல் தொடங்கப்பெற்ற மக்களைத் தேடி மருத்துவம் என்னும் திட்டத்தில் வீடு வீடாகச் சென்று நீரிழிவையும் குருதியழுத்தத்தையும் பார்ப்போர் பெண்களே. மாத்திரையை ஏன் நிறுத்தினாய் என்று திண்ணையில் அமர்ந்து கேட்டு, மெய்யான விடையைப் பெறுவது அவர்களின் தமிழ்தான்.

தமிழால் முடியும், முன்னரே முடிந்தது

தமிழில் மருத்துவம் முடியுமா என்று இன்றும் கேட்பார்க்கு வரலாறு விடை கூறுகின்றது. 1847-இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் கிறீன், தமிழ் கற்று, மானிப்பாயில் 1864 முதல் மேலை மருத்துவத்தைத் தமிழிலேயே பயிற்றுவித்தார். உடற்கூறு, அறுவை, மகப்பேறு, வேதியல் ஆகியவற்றில் பெருநூல்களைத் தமிழாக்கினார், தமிழாக்கச் செய்தார். அந்நூல்களின் பெயரிலும் நடையிலும் வடசொல் மலிந்திருந்தது உண்மை; அக்குறை அக்காலத்தது. ஆயினும், அவர்தம் கையில் பயின்று வெளிவந்த தமிழ் மருத்துவர் அறுபதின்மருக்கு மேற்பட்டோர். தமிழர்க்கு மருத்துவம் செய்தவர் என்பதைத் தம் கல்லறையில் பொறிக்குமாறு வேண்டிக்கொண்டவர் அவர். எங்கிருந்தோ வந்த வெள்ளையர்க்கு இருந்த நம்பிக்கை, இங்கேயே பிறந்த கறுப்புத் தோல் ஆங்கிலேயர்க்கு இல்லை!

சப்பானில் சுகிதா கென்பாக்குவும் அவர்தம் தோழரும், டச்சு மொழி உடற்கூற்று நூலொன்றை அகரமுதலியின் துணையுமின்றி 1771-இல் பெயர்க்கத் தொடங்கி 1774-இல் வெளியிட்டனர். நரம்பிற்கு அவர்கள் ஆக்கிய சொல் இன்றும் சப்பானியர் வாயில் வழங்குகின்றது. சப்பான் இன்றும் மருத்துவத்தைச் சப்பான் மொழியிலேயே கற்பிக்கின்றது. எந்த நாட்டிற்கும் பின்தங்கிவிடவில்லை.

தவறான வழிக்கும் எடுத்துக்காட்டு உண்டு. 2022 அக்தோபரில் மத்தியப் பிரதேச அரசு மூன்று மருத்துவப் பாடநூல்களை இந்தியில் வெளியிட்டது. ஒன்றிய உள்துறை அமைச்சர் அமித்சா போபாலில் அவற்றை வழங்கினார். அவற்றிலோ ஆங்கிலச் சொற்களே நாகரி எழுத்திற் பெயர்த்து எழுதப்பட்டிருந்தன. எழுத்தை மாற்றுவது மொழியாக்கம் ஆகாது. தமிழ் அவ்வழியிற் செல்ல வேண்டுவதில்லை. கல்லீரல், மண்ணீரல், நுரையீரல், கணையம், சுரப்பி, வெள்ளணு என்று பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்ப் பிள்ளை தமிழில் கற்று வருகின்றான். அடுத்த ஆண்டு மருத்துவக் கல்லூரியின் படியேறிய நொடியில் அச்சொற்களெல்லாம் நாணத்தக்கனவாகி விடுகின்றன. 2010-இல் அண்ணா பல்கலைக்கழகம் கட்டடப் பொறியியலையும் எந்திரப் பொறியியலையும் தமிழ்வழியில் தொடங்கியது. தமிழ்நாட்டுப் பாடநூல் கழகம் உடற்கூற்றியல் முதலிய மருத்துவ நூல்களையும் தமிழாக்கி வெளியிட்டுள்ளது. நூல் வந்துவிட்டது, வகுப்பறை எங்கே?

தமிழர் கேட்க வேண்டியவை

முதலாவது, மருத்துவத்தையும் செவிலியத்தையும் தமிழ்வழியிற் கற்கவும் தமிழில் தேர்வெழுதவும் உரிமை வேண்டும். ஆங்கிலத்தை ஒரு மொழியாகக் கற்பதை எவரும் தடுக்கவில்லை.

இரண்டாவது, தமிழ்நாட்டு மருத்துவமனையில் நோயாளியைத் தொடுவார் எவராயினும், எம்மாநிலத்தாராயினும், நோயாளியொடு தமிழிற் பேசும் திறனை மெய்ப்பித்த பின்னரே தொடுதல் வேண்டும். அரசு மருத்துவக் கல்லூரிகளின் முதுநிலை இடங்களில் நூற்றுக்கு ஐம்பது அனைத்திந்தியத் தொகுப்பிற்குச் செல்கின்றன. அங்ஙனம் வருவார் பகைவர் அல்லர். தமிழ் கற்பிக்கப்படாமல் நோயாளி முன் நிறுத்தப்படுவதே குற்றம்.

மூன்றாவது, நோயாளி கூறியதை அவர் கூறிய சொல்லிலேயே தமிழில் ஏட்டிற் பதிதல் வேண்டும். வீடு திரும்புவார்க்குத் தரும் குறிப்பும், மருந்துண்ணும் முறையும் தமிழில் இருத்தல் வேண்டும்.

நான்காவது, தமிழர் உடலினின்று திரட்டப்படும் படமும் குறிப்பும் தமிழ்நாட்டின் பொதுவுடைமையாதல் வேண்டும். நோயாளிக்கு விளங்கும் தமிழில் இசைவு பெறாமல் எந்த நிறுவனமும் அவற்றை எடுத்தல் ஆகாது.

ஐந்தாவது, கல்வி மாநிலப் பட்டியலுக்கு மீளுதல் வேண்டும். ஒற்றைத் தேர்வின் கொடுங்கோன்மை ஒழிதல் வேண்டும்.

பொறி நாள்தோறும் கற்கின்றது. இரவும் உறங்காமல் கற்கின்றது. அதனொடு உருப்போடுவதிற் போட்டியிடும் மருத்துவர் தோற்பது உறுதி. மக்கள் நாவில் வழங்கும் மொழியில் நோவைக் கேட்டு, அம்மொழியிலேயே எண்ணி, அம்மொழியிலேயே ஆறுதல் கூறி, செய்ததற்குத் தாமே விடையிறுக்கும் மருத்துவர்க்கோ எந்தக் காலத்திலும் வேலை உண்டு, மதிப்பும் உண்டு. அத்தகையாரைத் தமிழ்வழிக் கல்வியே தரும். மருத்துவரைக் காத்தல் வேண்டுமா? தமிழைக் காத்தல் வேண்டும். தமிழைக் காத்தல் வேண்டுமா? அதனை மருத்துவமனையின் வாயிற் பலகையில் மட்டும் வைக்காமல் உள்ளே, கட்டிலருகே கொண்டு செல்லுதல் வேண்டும். தமிழகம் இதனை இன்றே தொடங்குக!